மதுரை – தூத்துக்குடி ஒருநாள் வேன் டூர்: மக்ரூனுக்குப் போனால் நஷ்டம், முத்தையாபுரத்துக்குப் போனால் லாபம்

தலைக்கு 1,350 ரூபாய். காலை டிபன், மதியச் சாப்பாடு, டோல், ஏசி வேன் எல்லாம் அதற்குள் அடக்கம். மாட்டுத்தாவணியில் ஏற்றிக்கொண்டு, மண்டேலா நகரில் மிச்சப் பேரையும் அள்ளிக்கொண்டு, அன்றைக்கு இரவே திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். நடத்துகிறவர்கள் பெயரை எழுதப்போவதில்லை. கீழே கொஞ்சம் திட்டவும் போகிறேன், அது ஒரு காரணம். இன்னொன்று, இந்த மாதிரி டூர் போடுகிறவர்கள் நம்மூரில் நாலைந்து பேர் இருக்கிறார்கள், எல்லார் நோட்டீஸும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போகலாம். ஆனால் நோட்டீஸில் பெரிய எழுத்தில் இருப்பதை நம்பிப் போகாதீர்கள். பெரிய எழுத்தில் பனிமய மாதா கோயில், கடற்கரை, மக்ரூன் இனிப்பு என்று கலரில் போட்டிருக்கிறார்கள். கடைசி வரியில் பொடி எழுத்தில் "முத்தையாபுரம் உப்பளம், துறைமுகச் சாலை" என்று இருக்கிறது. கொடுத்த காசு முழுக்க அந்தப் பொடி எழுத்துக்குத்தான் தகும்.

மதுரைக்காரர்களுக்கு முத்தையாபுரம் ஒன்றும் புதிதல்ல, அதுதான் வேடிக்கை. திருச்செந்தூர் போகிற நாம் எல்லாரும் அதன் வழியாகத்தான் போகிறோம். தூத்துக்குடியைத் தாண்டியதும் ஒரு பெரிய ஆலை, புகைபோக்கி, அதைத் தாண்டி வெள்ளை வெள்ளையாகக் குவியல்கள், பிள்ளைகள் "அது என்னப்பா" என்று கேட்கும், "உப்புடா" என்று சொல்லிவிட்டு முருகன் நினைப்பில் உட்கார்ந்திருப்போம். இத்தனை வருஷத்தில் அங்கே இறங்கி ஒரு டீ குடித்தவர்கள் நம்மில் எத்தனை பேர் இருப்பார்கள்? இந்த டூரை நான் தேர்ந்தெடுத்ததே இதில் திருச்செந்தூர் இல்லை என்பதற்காகத்தான். திருச்செந்தூரைச் சேர்த்துவிட்டால் மற்றதெல்லாம் போகிற வழி ஆகிவிடும்.

வழியைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. நாலு வழிச்சாலை, அருப்புக்கோட்டை, பந்தல்குடி, இரண்டு பக்கமும் கரிசல். எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீட்டுக்கு நிறுத்துவோம் என்று சொன்னவர்கள் நிறுத்தவில்லை, "திரும்பும்போது பார்க்கலாம் சார்" என்றார்கள். திரும்பும்போது இருட்டிவிட்டது. இதைப் புகாராகவே எழுதுகிறேன். டிபன் ஒரு ரோட்டோரக் கடையில் இட்லி, பொங்கல், வடை. சட்னி நன்றாக இருந்தது, மற்றதைப் பற்றி வேண்டாம்.

ஊருக்குள் நுழையும் முன் பைபாஸை ஒட்டி சிப்காட் தொழிற்பேட்டை வருகிறது. மூடிக் கிடக்கும் ஸ்டெர்லைட் தாமிர ஆலை அங்கேதான். நோட்டீஸில் இது இருக்காது, யாரும் எதிர்பார்க்கவும் மாட்டார்கள், ஆனாலும் வேனில் இருந்த அத்தனை பேரும் ஒரே பக்கமாகத் திரும்பிப் பார்த்தோம். 2018 மே 22 அன்று ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போன ஊர்வலத்தில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் செத்தார்கள், ஆறு நாளில் அரசு ஆலையை மூடச் சொல்லி உத்தரவு போட்டது, 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் திறக்க விடவில்லை. பின் சீட்டில் ஒருவர் "எத்தனை பேருக்கு வேலை போச்சு" என்றார், பக்கத்தில் இருந்த அம்மா "உயிர் போனவங்களைச் சொல்லுங்க முதல்ல" என்றார். அதோடு கொஞ்ச நேரம் வேனில் பேச்சில்லை. இந்த ஊரின் குணத்தைப் பற்றி எழுதும்போது இதை விட்டுவிட்டு எழுத முடியாது. ஆலைகளால் சோறு தின்கிற ஊர், ஆலையை எதிர்த்துத் தெருவுக்கு வந்த ஊரும் அதுதான்.

ஊர் எல்லையில் கைடு ஏறினார். இந்த டூரின் உண்மையான மூலதனம் அவர்தான். அறுபதைத் தாண்டியவர், முத்தையாபுரத்துக்காரர், துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாங்கள் பழக்கதோஷத்தில் "அண்ணே" என்றோம், அவர் ஊரில் அவர் "அண்ணாச்சி", மதியத்துக்குள் நாங்களும் அண்ணாச்சிக்கு மாறிவிட்டோம். மைக் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், கப்பலில் கத்திப் பழகிய தொண்டை.

பனிமய மாதா கோயிலை வேகமாகக் கடக்கிறேன், அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். போர்த்துக்கீசியர் காலத்தில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் கிறிஸ்தவம் தழுவியதில் தொடங்குகிற கதை, இப்போதிருக்கும் கோயில் 1713-ஐச் சேர்ந்தது, ஆகஸ்ட் 5 திருவிழா. 1658-இல் டச்சுக்காரர்கள் வந்தார்கள், அப்புறம் இங்கிலீஷ்காரர்கள். முத்துக்குளிப்பு 1960-களின் தொடக்கத்தோடு நின்றுபோனது, சங்கு குளிப்பு மட்டும் இன்னும் இருக்கிறது, அந்தச் சங்கு வங்காளத்துக்கு வளையலாகப் போகிறது. இங்கே ஒன்றேகால் மணி நேரம் கொடுத்தார்கள். பாதிப் பேர் முத்துமாலைக் கடைகளில் நின்றுகொண்டிருந்தார்கள். அரை மணி நேரம் போதும்.

பழைய துறைமுகத்தில் அந்த மிச்ச நேரத்தைக் கொடுத்திருக்கலாம். அங்கே தோணிகள் நிற்கின்றன. மரத்தில் கட்டிய, நல்ல பெரிய, சரக்குத் தோணிகள். மாலத்தீவுக்கு இன்றைக்கும் காய்கறியும் கட்டுமானச் சாமான்களும் இதில்தான் போகின்றன, கடல் கொந்தளிக்கும் பருவக்காற்று மாதங்களில் மட்டும் கட்டிப் போட்டுவிடுவார்கள். இங்கே கடல் ஆழம் குறைவு. அதனால் அந்தக் காலத்தில் பெரிய கப்பல் எதுவும் கரைக்கு வராது, பல கிலோமீட்டர் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும், படகில் ஏற்றித்தான் ஆளையும் சரக்கையும் கொண்டுபோக வேண்டும். 1876-இல் மதுரையிலிருந்து இங்கே ரயில் வந்துவிட்டது. மெட்ராஸிலிருந்து போட் மெயில் என்ற ரயிலில் வந்து இங்கே கப்பலேறிக் கொழும்பு போவார்கள். 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும் அந்தப் போக்குவரத்து தனுஷ்கோடிக்குப் போய்விட்டது. தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலி ஜனங்களில் எத்தனையோ பேர் நம் மதுரை, ராமநாதபுரம் பக்கத்துக் கிராமத்து ஆட்கள், அவர்களும் இந்தக் கரையைப் பார்த்துவிட்டுத்தான் போயிருப்பார்கள். அண்ணாச்சி இதைச் சொன்னதும் மண்டேலா நகரில் ஏறிய பெரியவர் ஒருவர் தன் பாட்டனார் கண்டிக்குப் போன கதையை ஆரம்பித்துவிட்டார், அது தனி.

வ.உ.சி. கதை எல்லாருக்கும் பாடப்புத்தகத்தில் தெரியும். 1906-இல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி, அடுத்த வருஷம் காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள், வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கி, கடைசியில் சும்மாவே ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள். ஆனால் அண்ணாச்சி அழுத்திச் சொன்னது கப்பலை அல்ல, கோரல் மில் என்ற நூற்பாலையை. 1908 பிப்ரவரி கடைசியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், வ.உ.சி. முன்னின்றார், ஒன்பது நாள் போல நடந்து கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் வாங்கினார்கள். மார்ச் 12-இல் வ.உ.சி. கைது. அந்த மில்லை நடத்திய ஹார்வி சகோதரர்கள்தான் நம்மூர் ஸ்டேஷன் பக்கம் மதுரா மில்லையும் நடத்தியவர்கள், ஹார்விபட்டி என்று நாம் பஸ் போர்டில் தினம் பார்ப்பது அவர்கள் பெயர்தான். இங்கே சங்கு ஊதினால் அங்கேயும் ஊதும் என்கிற மாதிரி இரண்டு ஊருக்கும் ஒரே முதலாளி. ஞாயிற்றுக்கிழமையில் டூர் வந்திருக்கிற நாங்கள் இதைக் கேட்டுக்கொண்டு தோணிப் பலகையில் நின்றிருந்தோம். இந்த இடத்தில் கொடுத்தது இருபது நிமிஷம். டிரைவர் ஹாரன் அடித்துக் கூப்பிட்டார்.

மதியச் சாப்பாடு. "கடற்கரை ஊர் மீன் சாப்பாடு" என்று நோட்டீஸில் இருந்தது. ஆளுக்கு ஒரு துண்டு மீன், குழம்பு தண்ணீர், இரண்டாவது துண்டு கேட்டால் தனிக்காசு. மீன் பிடிக்கிற ஊரில் இந்த நிலைமை. சைவக்காரர்களுக்கு அப்பளம்கூட ஒன்றுதான். கடை பெயர் வேண்டாம், கடைக்காரர் மேல் தப்பே இல்லை, டூர்க்காரர்கள் பேசியிருக்கும் ரேட் அப்படி. இந்த ஒரு விஷயத்தில் ஐந்துக்கு ஒன்று.

இனிமேல்தான் விஷயம்.

திருச்செந்தூர் சாலையில் முத்தையாபுரம் தாண்டி வேனை ஓரம்கட்டி, ஒரு மண்பாதையில் நடக்க வைத்தார்கள். கண் கூசுகிறது, தயவுசெய்து தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் எடுத்துப் போங்கள், நோட்டீஸில் இதைச் சொல்லவில்லை. உப்பளம் என்றால் கடல்தண்ணீர் தானாக ஏறி வந்து காய்ந்துவிடும் என்றுதான் வேனில் பலரும் நினைத்திருந்தார்கள். அப்படியில்லை. கடல்தண்ணீரோ, போர் போட்டு இறைக்கிற உவர்த்தண்ணீரோ, முதலில் தெப்பத்தில் தேக்குகிறார்கள். வெயிலில் அது கெட்டியாக ஆகப் பாத்தி பாத்தியாக மாற்றிக்கொண்டே வருகிறார்கள். தண்ணீரின் உப்புச் செறிவை டிகிரியில் பார்க்க ஒரு மிதவைக் கருவி வைத்திருக்கிறார்கள், 25 டிகிரி பக்கம் வந்தால் உப்புப் படிகிறது, ரொம்ப ஏறவிட்டால் கசப்பு உப்புகளும் சேர்ந்து படிந்துவிடும், அதற்குள் வாரிவிட வேண்டும். சீசன் தொடங்கும் முன் பாத்தியைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்துகிறார்கள், இல்லாவிட்டால் உப்போடு சேறும் வரும். விடியும் முன்பே வேலைக்கு இறங்கி வெயில் ஏறுவதற்குள் வாரி முடித்துவிடுவார்கள், அதனால் மதியத்துக்கு மேல் போன நாங்கள் பார்த்தது ஆள் இல்லாத பாத்திகளையும் ஓலை போட்டு மூடிய அம்பாரங்களையும்தான். இதுவும் டூர்க்காரர்கள் தப்பு. காலையில் முதலில் இங்கே கூட்டி வந்துவிட்டு அப்புறம் கோயிலுக்குப் போயிருக்கலாம், மாதா எங்கேயும் போய்விட மாட்டார்.

ஒரே ஒரு அம்மா மட்டும் கரையில் சாக்கு மடித்துக்கொண்டிருந்தார். எங்களில் ஒருவர் போட்டோ எடுக்கப் போக, "படம் எடுத்துட்டுப் போறீகளே, மழைக்கு நாங்க என்ன பண்ணுதோம்னு கேட்டீகளா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். ஐப்பசி மழை தொடங்கினால் உப்பளத்தில் வேலை கிடையாது, மறுபடி தை, மாசி ஆக வேண்டும். அந்த மாதங்களுக்கு என்று அரசு குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் குவித்து வைத்திருந்த உப்பும் கரைந்து போனது. நாட்டில் உப்பில் குஜராத்துக்கு அடுத்து தமிழ்நாடு, அதில் பெரும்பங்கு இந்த மாவட்டம். நம் வீட்டு ஜாடியில் இருப்பது இந்தப் பாத்தியில் வாரியதாக இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு.

வரப்பில் நின்றபடி அண்ணாச்சி கையை நீட்டிச் சுற்றிக் காட்டியது எனக்கு இந்த டூரிலேயே பிடித்த இடம். "எங்க ஊர்ல கடல் வீட்டுக்குப் பக்கத்துல கெடையாது சார். வீடு, ரோடு, ஆலை, அப்புறம் அளம், அதுக்கும் அங்கிட்டுத்தான் கடல்" என்றார். புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது 1974-இல். ஸ்பிக் உர ஆலையின் யூரியா 1975-இல். அதன் பக்கத்திலேயே, அணு உலைகளுக்கு வேண்டிய கனநீரைத் தயாரிக்கும் ஆலை 1978-இல், ஸ்பிக்கில் இருந்து வரும் வாயுவை வைத்தே அது ஓடியது. அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1979-இல். எண்ணிப் பாருங்கள், ஐந்தே வருஷம். பனையும் உப்பும் மீனுமாக இருந்த ஒரு கரை, ஒரு பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து ஐந்தாம் வகுப்பு முடிப்பதற்குள், ஷிஃப்ட் சங்குக்கு எழுந்திருக்கிற ஊராக மாறிவிட்டது. முத்தையாபுரம் மாதிரியான இடங்கள் பெருத்தது அதனால்தான். ஒரு வீட்டில் அப்பா ஸ்பிக், சித்தப்பா துறைமுகம், அத்தை உப்பளம். ஆலைக் குவார்ட்டர்ஸில் மரம், பள்ளிக்கூடம், நேரான தெரு. மதிலுக்கு வெளியே தண்ணீர் லாரிக்குக் குடம். தூத்துக்குடி 2008-இல் மாநகராட்சியான பிறகு முத்தையாபுரத்தையும் அதற்குள் சேர்த்துக்கொண்டார்கள்.

குடத்தைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, இந்த ஊரின் வரலாற்றைத் தண்ணீரை வைத்தே எழுதிவிடலாம். 1920-களில் நகராட்சித் தலைவராக இருந்த குரூஸ் பர்னாந்து வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் கொண்டுவந்தார், ஊர் இன்றைக்கும் அவரைக் கும்பிடாத குறை. அப்புறம் ஆலைகள் வந்ததும் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஆலைகளுக்கென்று தனியாக ஒரு குழாய், 20 எம்.ஜி.டி. திட்டம் என்பார்கள், அதாவது நாளுக்கு 2 கோடி காலன். விவசாயிகளுக்கும் அதற்கும் வழக்கு, சண்டை எல்லாம் நடந்தது. வைகைக்கரையில் உட்கார்ந்துகொண்டு வற்றிய ஆற்றைப் பார்க்கிற நமக்கு இது புரியாமல் போகாது.

துறைமுகச் சாலை இதற்கு அடுத்தது. ஒரு பக்கம் உப்பளம், மறுபக்கம் நிலக்கரி லாரி. அனல்மின் நிலையத்தில் 210 மெகாவாட் அலகுகள் ஐந்து, மொத்தம் 1,050 மெகாவாட். கப்பலில் வரும் நிலக்கரி துறைமுகத்திலிருந்து கன்வேயரிலேயே உள்ளே போய்விடுகிறது, குளிர்விக்கக் கடல்தண்ணீர், அதைச் சூடாகத் திரும்பக் கடலில் விடுகிறார்கள். மதுரையில் நாம் போடுகிற மின்விசிறிக்கு இங்கேயும் ஒரு பங்கு உண்டு, சாம்பல் மட்டும் அவர்களுக்கு.

"துறைமுகம் விசிட்" என்று நோட்டீஸில் இருந்தது. விசிட் என்றால் கேட் வாசல். பாஸ் இல்லாமல் யாரையும் உள்ளே விட மாட்டார்கள் என்பது ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும், டூர் போடுகிறவர்களுக்குத் தெரியாதா? இது சுத்தமான ஏமாற்று, காசு திருப்பிக் கேட்டேன், "அடுத்த டூரில் தள்ளுபடி" என்றார்கள். வ.உ.சி. பிறந்த நாளான செப்டம்பர் 5-ஐ ஒட்டிப் பொதுமக்களை உள்ளே விட்டுக் காட்டுவது உண்டு, அந்த அறிவிப்பைப் பார்த்துவிட்டு நீங்களே அடையாள அட்டையோடு போவது நல்லது. வாசலில் நின்றபடியே அண்ணாச்சி உள்ளே இருப்பதை வாயால் கட்டிக் காட்டினார் என்பதையும் சொல்ல வேண்டும். கடலுக்குள் 4 கிலோமீட்டர் வரை நீள்கிற இரண்டு கல் அணைகள், நடுவில் செயற்கையாக உண்டாக்கிய அமைதியான தண்ணீர், இலங்கை குறுக்கே கிடப்பதால் பெரும்புயல் நேராக வந்து மோதுவது குறைவு. கப்பல்கள் இலங்கையைச் சுற்றாமல் போகத் திட்டமிட்ட சேது கால்வாய் வந்திருந்தால் என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். அதை 2005-இல் தொடங்கி வைத்த விழா நம் மதுரையில்தான் நடந்தது, ஞாபகம் இருக்கிறவர்கள் இருப்பீர்கள்.

முயல் தீவுப் பக்கம் மாலையில் கொஞ்ச நேரம் விட்டார்கள். அலை கிடையாது, குழந்தைகளுக்குப் பயமில்லை, காற்று பிரமாதம், ஒரு பக்கம் கலங்கரை விளக்கம், இன்னொரு பக்கம் கிரேன்கள். மெரினாவை நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம். குப்பை இருந்தது.

மக்ரூன் கடைசியாக. டபிள்யூ.ஜி.சி. ரோட்டுக் கடைகளில் வாங்க நேரம் கொடுத்தார்கள். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி, அவ்வளவுதான் சாமான், ஆனால் அந்தக் கூம்பும் அந்த மொறுமொறுப்பும் வேறு ஊரில் சரியாக வருவதில்லை. ஜி.சி. என்றால் கிரேட் காட்டன், நம் விருதுநகர், அருப்புக்கோட்டைக் கரிசல் பருத்தி துறைமுகத்துக்குப் போன சாலை. டூர்க்காரர்கள் கூட்டிப்போகிற கடைதான் என்றில்லை, தள்ளிப் போய் வாங்கினாலும் அதே ருசிதான்.

போகிறவர்களுக்கு: மாசியிலிருந்து ஆவணிக்குள் போங்கள், மழைக்காலத்தில் உப்பளம் வெறும் ஏரி. புக் பண்ணும்போதே உப்பளம் காலையிலா மதியத்திலா என்று கேளுங்கள், மதியம் என்றால் மாற்றச் சொல்லுங்கள், பத்துப் பேர் கேட்டால் மாற்றுவார்கள். கைடு முத்தையாபுரத்துக்காரரா என்றும் கேளுங்கள், வேறு ஆள் என்றால் நான் போக மாட்டேன். சாப்பாட்டைக் கழித்துவிட்டுக் காசைக் குறைக்கச் சொல்லிப் பாருங்கள், எனக்கு மறுத்துவிட்டார்கள். வேன் கடைசி வரிசை சீட் சாயாது, முழங்கால் இடிக்கும். மதுரை வந்து சேர இரவு பத்தரை ஆனது, ஒன்பது என்று சொல்லியிருந்தார்கள், அந்த நேரத்தில் மண்டேலா நகரில் ஆட்டோக்காரர்கள் கேட்கிற காசுக்குத் தயாராக இருங்கள். மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரை, அதில் மூன்று அண்ணாச்சிக்கு.